ஆளுமைத் தேர்வில் வந்த மதிப்பெண்ணை வைத்து ஒருவர் ஒரு வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவர் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். கணினியில் ஒரு ஆளுமைத் தேர்வு வைத்து, 'நீங்கள் இன்ட்ரோவெர்ட் (அதிகம் கலந்து பழகாதவர்), இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது' என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தன்மேலேயே சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

முடியாது. அந்தத் தேர்வு ஒன்றை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. ஆளுமை வினாநிரல்களைத் தமிழில் சரிபார்ப்பதுதான் என் ஆராய்ச்சி வேலை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் பேசும் குடும்பங்களிடம் போய்க் கேள்வி கேட்கிறேன். நானும் அந்த ஊர்க்காரிதான்.

முதல் மாதமே ஒரு கேள்வி என்னைத் தடுத்து நிறுத்தியது. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்த கேள்வித் தொகுப்பு ஒன்று உண்டு. அதன் ஐம்பது கேள்விப் பட்டியலில், ஒருவர் எவ்வளவு கலகலப்பானவர் என்று பார்க்கப் பத்துக் கேள்விகள். அதில் இரண்டு பார்ட்டியைப் பற்றியவை. எங்களுக்கு வந்த தமிழ்ப் படியில் 'பார்ட்டிகளில் பலரோடும் பேசுவேன்' என்று இருந்தது. தென்னந்தோப்பில் மட்டை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வாசித்தேன்.

"எந்தப் பார்ட்டி கண்ணு? நாங்க ஓட்டுப் போடறதோட சரி."

கேரளத்தில் பார்ட்டி என்றால் கட்சி. "கட்சி இல்லைங்க பாட்டி, விசேஷம் மாதிரி" என்று விளக்கினேன். ஆனால் எனக்கு முன்னால் எத்தனை பேர் கட்சி என்றே நினைத்து 'இல்லை' என்றிருப்பார்கள்? அவர்கள் எல்லோருக்கும் கலகலப்பில் இரண்டு கேள்வி அளவுக்கு மதிப்பெண் குறைந்திருக்கும். காகிதத்தில் அவர்கள் கூச்ச சுபாவிகள்.

அடுத்தது சங்கடம். 'புதியவர்களிடம் பேசச் சங்கடப்படுவேன்' என்பது கூச்சத்தை அளக்கும் வரி. சென்னையிலோ மதுரையிலோ இதில் சிக்கல் இருக்காது. எங்கள் பக்கம் மலையாளம் கலந்து, சங்கடம் என்றால் மனத்துயரம். ஒரு அக்கா சொன்னார்: "பேசறதுக்கு என்னத்துக்குச் சங்கடம்? பையன் கல்ஃபுக்குப் போனதுதான் சங்கடம்." கூச்சத்தைக் கேட்டேன், அவர் துக்கத்தைச் சொன்னார். இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 'விஷமம்' இன்னும் மோசம். தமிழில் குறும்பு, மலையாளத்தில் வருத்தம். அந்தச் சொல்லை எந்தக் கேள்வியிலும் வைக்கக்கூடாது என்று எங்கள் குழுவில் முடிவே செய்துவிட்டோம்.

எதிர்மறை வரிகளும் அப்படித்தான். 'நான் அதிகம் பேசுவதில்லை' என்று வாசித்தால் ஒருவர் "ஆமாங்க, பேசமாட்டேன்" என்கிறார், இன்னொருவர் "இல்லைங்க, பேசமாட்டேன்" என்கிறார். இருவரும் சொன்னது ஒன்றுதான். ஆமா, இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் இருவரும் எதிரெதிர் ஆட்கள். அதனால் இப்போது ஐந்து புளியங்கொட்டைகளை முன்னால் வைத்து, இந்த வரி உங்களுக்கு எவ்வளவு பொருந்துமோ அத்தனையை நகர்த்துங்கள் என்று கேட்கிறேன். அப்புறம், "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று ஒவ்வொரு வரிக்கும் திரும்பக் கேட்கிறேன். நேரம் பிடிக்கும். ஆனால் இந்த வேலையில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்று நினைக்கிறேன்.

சரி, மொழிச் சிக்கலே இல்லாத நல்ல தேர்வு என்றே வைத்துக்கொள்வோம். சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 10 என்று அமைத்த அளவுகோலில் உங்களுக்கு 47 வந்தது. தேர்வின் நம்பகத்தன்மை 0.84 (பிழையே இல்லாவிட்டால் 1), இது நல்ல எண்தான். அப்போதும் அளவீட்டுப் பிழை 4 புள்ளி. இரு பக்கமும் அந்தப் பிழையைப் போல் இரண்டு மடங்கு இடம் விட்டால், உங்கள் உண்மையான இடம் ஏறக்குறைய 39-க்கும் 55-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்பதுதான் அந்த 47-க்குப் பொருள். 50-இல் ஒரு கோடு போட்டு, கீழே இருந்தால் இன்ட்ரோவெர்ட், மேலே இருந்தால் எக்ஸ்ட்ரோவெர்ட் (கலகலப்பானவர்) என்றால், மனிதர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பத்தடி கேரளம், அந்தப் பக்கம் பத்தடி தமிழ்நாடு. அந்த இருபதடிக்குள் இருக்கிறவர்களின் பேச்சும் சாப்பாடும் மாறிவிடுவதில்லை.

ஆட்களை வகைபிரித்து, INTJ என்பது மாதிரி நான்கு எழுத்தில் பதில் தரும் மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வின் கோளாறும் இதுதான். கார்ல் யுங் 1921-இல் எழுதியதை அடிப்படையாக வைத்து காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது. ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குள் விழுந்ததாக ஆய்வுகள் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. உங்களுக்கு வைத்தது அதுதானா என்று ஒருமுறை பாருங்கள்.

விற்பனைக்குக் கலகலப்பு வேண்டுமே என்று அவர்கள் சொல்லலாம். பாரிக், மவுண்ட் என்ற இருவர் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் வெளியிட்டார்கள். கலகலப்புக்கும் விற்பனைத் திறனுக்கும் அதில் கிடைத்த தொடர்பு ஏறத்தாழ 0.15 (தொடர்பே இல்லாவிட்டால் 0, முழுத் தொடர்பு இருந்தால் 1). இதை வர்க்கப்படுத்தினால், விற்பனைத் திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் கலகலப்பு விளக்குகிறது. பொறுப்புணர்வுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு இதைவிடக் கொஞ்சம் அதிகம், எந்த வேலையானாலும். உங்களை அனுப்பியவர்கள் பொறுப்புணர்வு மதிப்பெண்ணைப் பார்த்தார்களா?

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ஐந்து பெரும் பண்புகளின் (கலகலப்பு, பொறுப்புணர்வு, இணக்கம், மனச் சஞ்சலம், புதியதை ஏற்கும் மனம்) வேர் ஒரு அகராதியில் இருக்கிறது. 1936-இல் ஆல்போர்ட்டும் ஓட்பெர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து மனித இயல்பைக் குறிக்கும் 17,953 சொற்களைப் பொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சலித்துச் சலித்து ஐந்தாக்கினார்கள். அருமையான உழைப்பு. ஆனால் அது ஆங்கில அகராதி. ரோஷத்தை அந்த ஐந்தில் எங்கே வைப்பது? அது கோபமும் இல்லை, கர்வமும் இல்லை. வீம்பு, கமுக்கம், வெள்ளந்தித்தனம்? "பதனமான ஆளு" என்று எங்கள் பக்கம் ஒருவரைச் சொன்னால், பெண் கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று பண்புகளைச் சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பொலிவியாவில் சிமானே என்ற பழங்குடி மக்களிடம் 632 பெரியவர்களைக் கேட்டுப் பார்த்து 2013-இல் வந்த ஆய்வில் அந்த ஐந்து பண்புகள் தேறவில்லை. பிறரோடு இணங்கி நடப்பது, உழைப்பில் ஈடுபாடு என்று இரண்டு தொகுதிகள்தான் தெளிவாக வந்தன.

'ஆனால் அறிக்கையில் எழுதியிருந்தது எனக்கு அப்படியே பொருந்தியதே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, தனித்தனியாக அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதுவும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். பொருந்துகிற மாதிரி இருப்பது எதற்கும் சான்றில்லை.

அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்றைக் கேளுங்கள்: தேர்வின் பெயர் என்ன, என் மதிப்பெண்ணை யாருடைய சராசரியோடு ஒப்பிட்டீர்கள், பிழை எல்லை எவ்வளவு. பதில் வராமல் போகலாம். இருந்தாலும் கேளுங்கள்.

அந்தப் பார்ட்டி வரியை நாங்கள் மாற்றிவிட்டோம்: 'கல்யாண வீட்டில் தெரியாதவர்களிடமும் நானாகப் போய்ப் பேசுவேன்.' அதே பாட்டியிடம் கொண்டுபோய் வாசித்தேன். ஐந்து கொட்டைகளையும் நகர்த்திவிட்டு, "பேசாம எப்படிக் கண்ணு? வந்தவங்க சாப்பிட்டாங்களான்னு கேக்க வேண்டாமா?" என்றார். அவர் சொன்னது சுபாவத்தையா, விசேஷ வீட்டுக்காரியின் முறைமையையா? அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.