வாசகர் கேள்வி பதில்: தாய்லாந்தின் உம்பாங் மாவட்டம்

கேள்வி: தாய்லாந்தின் மிகப் பெரிய மாவட்டம் எது? அங்கே நிர்வாகம் எவ்வாறு நடைபெறுகிறது?

பதில்: பரப்பளவில் முதலிடம் வகிப்பது, மியன்மார் எல்லையை ஒட்டி, தாக் மாகாணத்தின் தென்கோடியில் உள்ள உம்பாங். சுமார் 4,325 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்தாலும் பெரும்பகுதி மலையும் காடும்தான் என்பதால், கரேன் இன மக்கள் பெருமளவில் வாழும் இம்மாவட்டத்தில் மக்கள் நெருக்கம் மிகக் குறைவு. குவாய் யாய் ஆறு இம்மலைகளில்தான் உற்பத்தியாகிறது. புகழ்பெற்ற தீ லோ சூ அருவியும் இங்கேயே உள்ளது. மே சோட் நகரிலிருந்து வரும் 1090ஆம் எண் நெடுஞ்சாலை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளைவுகளுடன் சுமார் 160 கிலோமீட்டர் மலைமேல் நீள்கிறது. அவசர சிகிச்சைக்காக ஒரு நோயாளியை இவ்வழியே கொண்டுசெல்வது எத்தனை கடினம் என்பதை எண்ணினால், தொலைவு இம்மக்களுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கும்.

மாகாணம், மாவட்டம், தம்போன் (பல கிராமங்கள் சேர்ந்த துணை மாவட்டம்), கிராமம் என்ற இன்றைய அடுக்குமுறைக்கு, சுலாலோங்கோர்ன் மன்னர் காலத்தில், இளவரசர் தம்ரோங் உள்துறை அமைச்சராக இருந்து நடத்திய சீர்திருத்தங்களே அடித்தளம். 1914ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பல திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாவட்டத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் உள்துறை அமைச்சகத்தால் நியமிக்கப்படும் அதிகாரி. கிராமத் தலைவரையோ ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவற்றோடு, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தம்போன் நிர்வாக அமைப்புகள் சாலை, குடிநீர் போன்ற பணிகளைக் கவனிக்கின்றன. தலைநகரிலிருந்து இத்தனை தொலைவில் உள்ள ஊர்களுக்கு, என் கருத்தில், இவ்வமைப்புகளே மிகவும் பயனுள்ளவை.