பழைய வெளியீட்டுக் கோப்புகளை மிரர்களில் வைத்திருக்க வேண்டுமா, நீக்கிவிடலாமா?

கேட்கப்பட்டிருப்பது இதுதான்: பல ஆண்டுகளாக வளர்ந்துவரும் ஒரு திறமூல மென்பொருளின் பதிவிறக்கத் தளத்தில் பழைய வெளியீடுகள் குவிந்துவிட்டன. ஒவ்வொரு வெளியீடும் ஜிஸிப், பிஸிப்2, எக்ஸ்இசட் என்று மூன்று சுருக்க வடிவங்களில் இருக்கிறது. கோப்புகளின் நகலைத் தங்கள் சேவையகங்களில் வைத்து விநியோகிக்கும் மிரர் நடத்துபவர்கள் இடத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவற்றை நீக்கலாம், பழையவற்றை எல்லாம் எக்ஸ்இசட்டுக்கு மாற்றிச் சுருக்கிவிட்டால் போதுமா?

மிரர்களிலிருந்து பழையவற்றைத் தாராளமாக நீக்கலாம் என்பதும், ஆனால் ஒருமுறை வெளியிட்ட கோப்பு அதே பைட்டுகளோடு ஏதாவது ஒரு நிலையான முகவரியில் என்றைக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் என் பதில். பழைய கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் யோசனையை அடியோடு கைவிடுங்கள். ஒரு கல்வி நிறுவனத்தில் பல திட்டங்களுக்கான மிரரைப் பராமரிப்பது என் வேலையின் ஒரு பகுதி என்பதால், மிரர் நடத்துபவரின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மிரர் நடத்துபவர்கள் இடம் போதவில்லை என்று சொன்னாலும், வட்டின் கொள்ளளவு மட்டும் அவர்களுடைய கவலை அன்று. மிரரை முதன்மைத் தளத்தோடு ஒத்திசைக்கும் ஆர்சிங்க் நிரல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் இரு பக்கத்துக் கோப்புப் பட்டியலையும் முழுமையாக நடந்து பார்க்கிறது. பத்தாண்டுகளாக யாரும் தொடாத கோப்பாக இருந்தாலும், அதன் பெயரையும் அளவையும் நேரத்தையும் ஒவ்வொரு முறையும் படித்து ஒப்பிட்டாக வேண்டும். மூன்று வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் ஒரு கையொப்பக் கோப்பு, பைட்டுகள் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஒரு செக்சம் கோப்பு என்று வைத்தால் ஒரு வெளியீட்டுக்கே ஒன்பது கோப்புகள் ஆகிவிடுகின்றன. இதைப் பல திட்டங்களால் பெருக்கினால், யாரும் பதிவிறக்காத கோப்புகளுக்காகவே வட்டு நாள் முழுதும் உழைக்கும் நிலை வருகிறது. ஆகவே அவர்களுடைய கோரிக்கை நியாயமானது.

பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை இதற்கு வகுத்திருக்கும் முறையைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். அங்கே விநியோகத் தளத்தில் ஆதரவில் உள்ள ஒவ்வொரு கிளையின் அண்மை வெளியீடு மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. பழையவை தனிக் காப்பகத் தளத்தில் இருக்கும். இதில் நான் மிகவும் மதிப்பது என்னவென்றால், ஒரு கோப்பு விநியோகத் தளத்துக்கு வந்தவுடனேயே காப்பகத்துக்கும் தானாக நகலெடுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் பின்னாளில் பழைய பதிப்பை அகற்றும் பராமரிப்பாளர் எதையும் எங்கும் நகர்த்த வேண்டியதில்லை, நீக்கினால் போதும். வெளியிடும் நாளில் எல்லோருக்கும் கவனம் இருக்கும், நீக்கும் நாளில் அவசரம் மட்டுமே இருக்கும். காப்பகப் பணியை வெளியிடும் நாளிலேயே முடித்துவிடுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்த முறையிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கோப்பு பத்திரமாக இருந்தாலும் அதன் முகவரி மாறிவிடுகிறது. இதன் விளைவை 2022 மார்ச் மாதம் உலகமே பார்த்தது. ஸெட்லிப் என்னும் சுருக்க நூலகத்தின் 1.2.11 பதிப்பு 2017 ஜனவரியில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அதுவே அண்மைப் பதிப்பாக இருந்ததால், மூலநிரலைத் தானாக இறக்கி மென்பொருளாக உருவாக்கும் எண்ணற்ற பில்ட் ஸ்கிரிப்டுகள் திட்டத்தின் தளத்திலிருந்த அந்த முகவரியை நேரடியாக எழுதி வைத்திருந்தன. ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து 1.2.12 வந்ததும், வழக்கப்படி பழைய கோப்பு முதன்மை இடத்திலிருந்து விலக்கப்பட்டது. அன்றிலிருந்து, அந்த முகவரியை நம்பியிருந்த பில்டுகள் 'கோப்பு இல்லை' என்னும் 404 பிழையோடு நின்றன. கோப்பு தொலைந்துவிடவில்லை, பழைய பதிப்புகளுக்கென்று அந்தத் தளத்தில் இருக்கும் ஃபாசில்ஸ் அடைவில்தான் இருந்தது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு அந்த அடைவைப் பற்றித் தெரிந்திருக்க என்ன வழி?

ஆகவே பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டு முகவரிகளைக் கொடுங்கள். ஒன்று, மனிதர்கள் சொடுக்குவதற்கு. அது அருகிலுள்ள மிரருக்கு அனுப்பும். இன்னொன்று, ஸ்கிரிப்டுகளில் எழுதுவதற்கு; அது வெளியான முதல் நாளிலிருந்தே காப்பக முகவரியாக இருக்கும், பதிப்பு பழையதானாலும் மாறாது. மிரர் முகவரியில் பழைய கோப்பைக் கேட்பவரை 404 காட்டி அனுப்பாமல் காப்பகத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை முதன்மைச் சேவையகத்தில் செய்யலாம். மற்றவர்கள் நடத்தும் மிரர்களில் அதை நீங்கள் செய்ய முடியாது என்பதால்தான் இரண்டாவது முகவரி அவசியமாகிறது.

இனி வடிவங்களை மாற்றுவதைப் பற்றி. பழைய ஜிஸிப் கோப்பை விரித்து எக்ஸ்இசட்டாகச் சுருக்கி, ஜிஸிப்பை நீக்கிவிட்டால், உள்ளே இருக்கும் மூலநிரல் மாறுவதில்லையே என்று தோன்றும். ஆனால் அந்தக் கோப்பின் ஷா-256 என்னும் செக்சம் மதிப்பு பல லினக்ஸ் விநியோகங்களின் தொகுப்புக் குறிப்புகளில் பதிந்திருக்கிறது. நீங்கள் அளித்த கையொப்பமும் அந்தப் பைட்டுகளின் மேல்தான் போடப்பட்டிருக்கிறது. எக்ஸ்இசட் கோப்பு அவற்றில் எதற்கும் பொருந்தாது. பின்னொரு நாள் அதே ஜிஸிப்பை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதும் எளிதில் நடக்காது. ஜிஸிப் கோப்பின் தொடக்கத்தில் பத்து பைட் தலைப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஐந்தாவது பைட்டிலிருந்து எட்டாவது பைட் வரை மூலக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம் பதிவாகிறது. தலைப்பை ஒட்டி மூலக் கோப்பின் பெயரும் வருகிறது. பல கோப்புகளைச் சுருக்காமல் ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் கோப்பு ஒன்றை எடுத்து, அதன் நேரத்தை மட்டும் ஒரு நொடி மாற்றி மறுபடி ஜிஸிப் செய்து பாருங்கள்: உள்ளடக்கம் அப்படியே இருக்கும், செக்சம் முற்றிலும் வேறாக வரும். நேரத்தையும் பெயரையும் பதியாதிருக்கச் சொல்லும் 'என்' விருப்பத்தை வெளியீட்டு ஸ்கிரிப்டில் இன்றே சேர்த்துவிடுங்கள்.

அதைச் சேர்த்தாலும் முழு உத்தரவாதம் கிடைத்துவிடாது. சுருக்கும் நிரல் மாறினால் வெளிவரும் பைட்டுகளும் மாறக்கூடும். 2023 ஜனவரி இறுதியில், மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இது நடந்தது. அங்கே, பதிப்பைக் குறிக்கும் பெயரான ஒவ்வொரு டேகுக்கும் தானாக உருவாகும் மூலநிரல் தொகுப்பைச் சுருக்க, வெளியே இருந்த ஜிஸிப் நிரலுக்குப் பதிலாகக் மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நிரலுக்குள்ளேயே இருக்கும் செயல்பாடு பயன்படத் தொடங்கியது. டார் கோப்புகள் மாறவில்லை. சுருக்கப்பட்ட கோப்புகளின் செக்சம்கள் மாறின. செக்சம்களை எழுதி வைத்திருந்த பில்டுகள் பல இடங்களில் உடைந்தன, மாற்றம் சில மணி நேரத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. தானாக உருவாகும் தொகுப்பை வெளியீட்டுக் கோப்பாக நம்பாமல், நீங்களே உருவாக்கி, கையொப்பமிட்டு, பதிவேற்றி, பிறகு தொடாமல் விட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சுருக்க வடிவத்தையும் வெளியீட்டின் அடையாளத்தையும் பிரித்து வைக்கும் வழியைக் கெர்னல்.ஆர்க் தளம் காட்டியிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வெளியீடுகளில் கையொப்பம் சுருக்கப்படாத டார் கோப்பின் மேல்தான் இடப்படுகிறது. எக்ஸ்இசட்டை எடுத்தாலும் ஜிஸிப்பை எடுத்தாலும், விரித்துப் பார்க்கும்போது ஒரே கையொப்பக் கோப்பு இரண்டுக்கும் போதும். அந்தத் தளம் 2013 இறுதியில் புதிய வெளியீடுகளுக்குப் பிஸிப்2 வடிவத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, கையொப்ப முறையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதில் ஒரு குறையும் உண்டு: கையொப்பத்தைச் சரிபார்க்கும் முன்பே, நம்பகம் உறுதியாகாத ஒரு கோப்பை விரிக்கும் நிரலிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் சுருக்கப்பட்ட கோப்புகளின் செக்சம்களைத் தனியே ஒரு பட்டியலாக்கி, அந்தப் பட்டியலுக்கும் கையொப்பமிட்டு அங்கே வைத்திருக்கிறார்கள். உங்கள் திட்டமும் இரண்டையும் செய்யலாம். வடிவங்களையும் இரண்டாகக் குறைத்தால், ஒன்பது கோப்புகளுக்குப் பதில் நான்கோடு முடிந்துவிடும்.

புதிய வெளியீடுகளுக்கு எந்த வடிவங்கள் என்றால், ஜிஸிப்பும் எக்ஸ்இசட்டும் போதும் என்பது என் தீர்ப்பு. ஜிஸிப் 1992-இலிருந்து இருக்கிறது. அதை விரிக்க முடியாத கணினி இன்று இருப்பது அரிது. எக்ஸ்இசட் அளவைக் கணிசமாகக் குறைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிஸிப்2-க்கு இப்போது தனிப் பயன் இல்லை, புதிதாக உருவாக்க வேண்டாம். எக்ஸ்இசட்டைப் பயன்படுத்தும்போது உச்சநிலையான 9-ஐத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த நிலையில் சுருக்க 674 மெபிபைட்டும், விரிக்க 65 மெபிபைட்டும் நினைவகம் தேவை என்று அதன் கையேடே சொல்கிறது. இயல்புநிலையான 6-இல் விரிப்பதற்கு 9 மெபிபைட் போதும். நினைவகம் குறைந்த ரௌட்டர் போன்ற சிறு கருவிகளிலும் உங்கள் கோப்பை யாரோ திறப்பார்கள். அத்துடன், உங்கள் மூலநிரல் விரித்த நிலையிலேயே எட்டு மெபிபைட்டுக்குள் இருந்தால், முன்பு வந்த தரவை நினைவில் வைத்துக்கொள்ள 9 ஒதுக்கும் பெரிய அகராதியால் கிடைக்கும் ஆதாயம் ஏதுமில்லை.

புதிய சுருக்க வடிவமான இஸட்ஸ்டாண்டர்ட் ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். ஆர்ச் லினக்ஸ் தன் தொகுப்புகளை எக்ஸ்இசட்டிலிருந்து அதற்கு மாற்றியபோது, மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம் மட்டுமே கூடியது என்றும், விரிக்கும் வேகம் சுமார் 1300 சதவீதம் உயர்ந்தது என்றும் அறிவித்தது. ஆனால் அவை ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் நிறுவும் தொகுப்புகள். மூலநிரல் தொகுப்பை ஒருவர் ஒருமுறை விரிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அங்கே வேகத்தைவிட, இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் எளிதாகத் திறக்க முடிவதே முக்கியம். சுருக்கும் கருவிகளை எழுதுபவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு, எக்ஸ்இசட்டின் மூலநிரலும் இஸட்ஸ்டாண்டர்டின் மூலநிரலும் ஜிஸிப் வடிவத்திலும் வெளியிடப்படுவதைச் சொல்லலாம்.

அடைவுகளை ஒழுங்குபடுத்த நினைக்கும்போது ஒன்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 'வெளியீடுகள்' என்ற அடைவிலிருந்து 'பழையவை' என்ற அடைவுக்குக் கோப்புகளை நகர்த்துவது உங்கள் சேவையகத்தில் ஒரு நொடி வேலை. ஆனால் ஆர்சிங்குக்கு அது இடமாற்றம் என்று தெரியாது. ஓரிடத்தில் கோப்புகள் மறைந்தன, வேறிடத்தில் புதியவை தோன்றின என்றே அது காணும். ஒவ்வொரு மிரரும் அத்தனையையும் மறுபடி முழுமையாக இறக்கும். கட்டாயம் நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் புதிய இடத்தில், ஒரே தரவுக்கு இன்னொரு பெயராக அமையும் ஹார்ட்லிங்குகளை உருவாக்கி, இரண்டு இடங்களிலும் கோப்புகள் தெரியும்படி சில வாரங்கள் விட்டுவிடுங்கள். ஹார்ட்லிங்குகளைக் கவனிக்கும் விருப்பத்தோடு ஆர்சிங்கை ஓட்டும் மிரர்கள் தரவை மறுபடி இறக்காமல் இணைப்பை மட்டும் உருவாக்கிக்கொள்ளும். அதன்பின் பழைய இடத்தை நீக்கலாம். மிரர் நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அந்த மரியாதையை நாங்கள் மறப்பதில்லை.

ஆதரவு முடிந்த இயங்குதளப் பதிப்புகளிலும் இதே கேள்வி எழுகிறது. லினக்ஸ் விநியோகமான டெபியன் தன் பழைய பதிப்புகளை வழக்கமான மிரர்களிலிருந்து எடுத்து ஆர்கைவ் தளத்துக்கு மாற்றுகிறது. உபுண்டுவுக்கு ஓல்ட்-ரிலீஸஸ், சென்ட்ஓஎஸ்ஸுக்கு வால்ட் இருக்கின்றன. 2024 ஜூன் 30-ஆம் தேதி சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு முடிந்து மிரர் பட்டியல் சேவையும் நின்றபோது, அமைப்புக் கோப்பில் முகவரியை வால்ட்டுக்கு மாற்றிக்கொள்ளாத சேவையகங்களில் தொகுப்புகளை நிறுவும் யம் நிரல் வேலை செய்யவில்லை. டெபியனில், பாதுகாப்புத் திருத்தங்களுக்கான ரிலீஸ் கோப்பில் காலாவதித் தேதி ஒன்று எழுதப்பட்டிருக்கும். காப்பகத்துக்குப் போனபின் அந்தத் தேதி கடந்துவிடுவதால் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் நிரல் அதை ஏற்க மறுக்கும். பயனர் அந்தச் சோதனையைத் தன் கையால் அணைத்தால்தான் தொகுப்பு நிறுவப்படும். இதைத் தொல்லை என்று கருதுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ஓட்டைகள் அடைக்கப்படாத ஒரு பதிப்பை நிறுவுகிறோம் என்பதை அந்த இடத்தில் ஒருவர் தெரிந்தே ஒப்புக்கொள்கிறார். உங்கள் காப்பக அடைவிலும் இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது, இன்ன பதிப்பைப் பயன்படுத்துங்கள் என்று எளிய உரைக்கோப்பு ஒன்றை வைத்துவிடுங்கள்.

கிட்டில் டேக் இருக்கும்போது டார் கோப்பைக் காப்பது ஏன் என்ற கேள்விக்கு, 2024 மார்ச் 29-ஆம் தேதி மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் மென்பொருளுக்குள் இரகசிய நுழைவழி ஒளிக்கப்பட்டிருந்த பின்கதவு விவகாரமே விடை. 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளின் வெளியீட்டு டார் கோப்புகளில் இருந்த, தீநிரலை இயக்கத் தொடங்கும் எம்4 என்னும் பில்ட் உதவிக் கோப்பு, கிட் களஞ்சியத்தில் இல்லை. மக்கள் உண்மையில் இறக்கி நிறுவியது எதுவோ அதைத்தான் ஆய்வாளர்கள் விரித்துப் படிக்க வேண்டியிருந்தது. கோப்பை எல்லோர் கைக்கும் எட்டாதபடி விலக்கியே ஆக வேண்டும் என்று நான் ஏற்கும் ஒரே சூழ்நிலையும் இதுதான்: கோப்புக்குள் தீநிரல் இருப்பது உறுதியானால். அப்போதும் கோப்பு இருந்த முகவரியை வெறுமையாக விடாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்த நாளில், எதற்காக விலக்கப்பட்டது என்ற விளக்கத்தையும் அதன் ஷா-256 மதிப்பையும் அந்த இடத்திலேயே வெளியிடுங்கள். தன் கணினியில் இருப்பது அந்தக் கோப்புதானா என்று சோதிக்க வருபவருக்கு அந்த மதிப்பு தேவைப்படும். கோப்பின் ஒரு பிரதியை மட்டும் பொதுப் பதிவிறக்கத்துக்கு வெளியே, ஆய்வாளர் கேட்டால் கொடுக்கும்படி, கடவுச்சொல்லிட்டு வைத்திருங்கள்.