இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை இறங்கும் வலி

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பனியன் நிறுவனமொன்றில் தையல் வேலை பார்க்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் துணிக்கட்டைத் தூக்கியபோது இடுப்பில் பிடித்துக்கொண்டது. இரண்டே நாளில் வலி இடது பிட்டத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை இறங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார். வீட்டிலோ எழவே விடுவதில்லை. நான் என்ன செய்வது?

பதில்: ‘டிஸ்க் பல்ஜ்’ என்பதைப் பேச்சில் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்பார்கள்; அதைக் கேட்டதுமே பாதித் தெம்பு போய்விடுகிறது. உண்மையில் ஜவ்வு எங்கும் விலகிப் போவதில்லை. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டின் வெளிவளையம் தளர்ந்து சற்றே பிதுங்குகிறது. அந்த இடத்தைக் கடந்து காலுக்குச் செல்லும் நரம்பின் வேர் அழுத்தத்தாலும் அழற்சியாலும் எரிச்சலடைவதால்தான், பழுது முதுகில் இருக்க, வலி உங்கள் கட்டைவிரலில் தெரிகிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் இத்தகைய பிதுக்கம் காணப்பட்டது. ஆகவே அறிக்கையில் உள்ள அந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஸ்கேனைவிட எனக்கு முக்கியம் உங்கள் பாதத்தின் வலு. சுவரை ஒட்டி நின்று, குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடந்து பாருங்கள். பிறகு நாற்காலியில் அமர்ந்து இரண்டு கட்டைவிரல்களையும் மேல்நோக்கித் தூக்கி, வேறொருவரைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். இடது விரல் எளிதில் மடங்கினாலோ, நடக்கையில் முன்பாதம் தரையில் தட்டினாலோ, நரம்பு வலுவிழக்கிறது என்று பொருள். அப்போது நாள் கடத்தாமல் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போதல், மலம் தானாக வெளியேறுதல், இரு தொடைகளுக்கு இடையிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், அது நள்ளிரவாக இருந்தாலும், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் காத்திருக்கலாம். பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி வெகுவாகக் குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடலே சிறுகச் சிறுகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி கொண்ட 283 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் அவர்களும், அறுவையின்றிக் காத்திருந்த பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தனர். காத்திருந்தவர்களில் சுமார் 39 சதவீதத்தினர் இடையில் அறுவைக்குச் சென்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி பொறுக்க முடியாமல் அந்த முடிவை எடுப்பது தவறல்ல.

படுத்தே இருப்பதை இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நாளில் பலமுறை நடங்கள். முதுகுச்சாய்வு இல்லாத ஸ்டூலில் குனிந்தபடி தொடர்ந்து தைப்பதுதான் உங்கள் இடுப்புக்குப் பெருஞ்சுமை. மேற்பார்வையாளரிடம் நிலைமையைச் சொல்லி, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். துணிக்கட்டை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். இடுப்பு பெல்ட்டைச் சில நாள் அணியலாம், மாதக்கணக்கில் அல்ல. உடற்பயிற்சியை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்: ஒரு பயிற்சியின்போது வலி பாதத்திலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி, கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். சிறுநீரகமும் இரைப்பையும் பாதிக்கப்படும். நரம்பு வலிக்கென்று பலரும் எழுதித்தரும் பிரீகாபலின், இத்தகைய கால்வலியை, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அதிகம் குறைக்கவில்லை என்று 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தலைசுற்றலோ கூடுதலாக இருந்தது. ஊசிக்கருகே விரல் வைத்து வேலை செய்யும் உங்களுக்கு அது ஆபத்து. ஏற்கெனவே உட்கொண்டு வந்தால் சட்டென்று நிறுத்தாமல், எழுதித்தந்தவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

கட்டைவிரல் சோதனையை வாரம் ஒருமுறை செய்து தேதியோடு குறித்து வையுங்கள். வலு குறையாமலிருந்தும் மேலும் ஏழு வாரங்களில் வலி தணியவில்லையென்றால், அந்தக் குறிப்பையும் ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது நிபுணர் ஒருவரைப் பாருங்கள்.