சளி மாத்திரை போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கல்லூரித் தோழிகளுடன் அடுத்த மாதம் அந்தமான் செல்கிறேன். ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் செய்ய முன்பணம் கட்டிவிட்டோம். எல்லோருக்கும் இதுதான் முதல் முறை. சிறு வயதில் எனக்கு இளைப்பு இருந்தது. இப்போதும் வீட்டில் ஒட்டடை அடித்தால் மூச்சு வாங்கும், இன்ஹேலர் எடுப்பேன். அடிக்கடி சளி பிடித்து மூக்கடைக்கும். "சளி மாத்திரை போட்டுக்கொள், அவர்கள் தரும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிடு" என்கிறாள் ஒரு தோழி. மதியம் இரண்டு மணிக்குள் இரண்டு முறை இறங்கிவிட்டு, மாலைக் கப்பலில் போர்ட் பிளேர் திரும்பி, மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம் ஏற வேண்டும். நீச்சலும் தெரியாது. போகலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: நீச்சல் தெரியாதது பெரிய தடையில்லை. முதல்முறை இறங்குபவர்களைப் பயிற்றுநர் உடனிருந்தே அழைத்துச் செல்வார். வழக்கமாக 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டார்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் தோழியின் யோசனைதான்.

முதலில் காது. நீர்மட்டத்தில் நம் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிவிடும். செவிப்பறைக்குப் பின்னால், நடுச்செவியில் இருக்கும் காற்று அதற்கேற்பச் சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பத் தொண்டையிலிருந்து புதிய காற்று போக வேண்டும். போகும் ஒரே வழி யூஸ்டேஷியன் குழாய். சளி பிடித்தால் அதன் உட்சவ்வு வீங்கி வழி அடைபடும். அந்த நிலையில் இறங்கினால் செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கும். வலியோடு மேலும் இறங்கினால் இரத்தம் கசியலாம், செவிப்பறை கிழியவும் செய்யலாம். பலரும் ஆழத்துக்குப் போனால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். காற்று வேகமாகச் சுருங்குவது முதல் சில மீட்டர்களில்தான். காது வலிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

மாத்திரை போட்டால் வீக்கம் சற்று வடியும், உண்மைதான். நீருக்கடியில் இருக்கும்போதே அதன் வேலை முடிந்துவிட்டால்? மேலே வரும்போது காற்று விரியும், வெளியேற வழியிருக்காது. இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் கடலுக்குள்ளேயே இருந்துவிட முடியாது. சளி இருந்தால் அன்று இறங்க வேண்டாம். முன்பணம் போனால் போகட்டும்.

சளி இல்லாத நாளில் வீட்டிலேயே பழகுங்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் இரு காதிலும் 'டப்' என்று திறப்பது தெரிய வேண்டும். ஒரு பக்கம் திறக்கவே இல்லையென்றால், புறப்படுவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கடலில் இதை வலி வருவதற்கு முன்பே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஓரிரு முறை செய்ய வேண்டும். திறக்காவிட்டால் பயிற்றுநரிடம் காதைச் சுட்டிக்காட்டிச் சற்று மேலே வந்து மறுபடி முயலுங்கள். மூச்சைக் கட்டி பலமாக ஊதாதீர்கள், உட்செவிக்குக் கேடு.

இனி இளைப்பு. ஒட்டடைத் தூசியில் வருவதாகச் சொல்கிறீர்கள். மாடிப்படி ஏறினால், குளிர்காற்று பட்டால், பதற்றம் வந்தாலும் இளைக்கிறதா? ஆம் என்றால் டைவிங் உங்களுக்கு வேண்டாம். சிலிண்டர் காற்று உலர்ந்தது, குளிர்ச்சியானது. உழைப்பும் பதற்றமும் அங்கே கூடவே வரும். சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று சிக்கிக்கொண்டு, மேலே வரும்போது விரிந்தால் நுரையீரலே கிழியலாம். ஆரோக்கியமானவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது என்று பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். தூசிக்கு மட்டும்தான் என்றால், நுரையீரல் நிபுணரிடம் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சின் திறனை அளக்கும் சோதனை) செய்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி கிடைத்தாலும், கடந்த 48 மணி நேரத்தில் இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தால் இறங்கக் கூடாது. படிவத்தில் உண்மையை எழுதுங்கள். கீழே ஏதாவது ஆனால் உங்களைக் காப்பாற்ற வேண்டியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

விமான நேரமும் சரியில்லை. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் கூடுதலாக உடலில் கரைகிறது. மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு; மீதமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழிகளாகலாம். ஒரு முறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி என்பது பொது நெறி. உங்கள் கணக்கில் வருவது 17. ஒரு முறையோடு நிறுத்துங்கள், அல்லது டைவிங்கை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் தோழிகளுக்கும் பொருந்தும்.

முடித்த பிறகு மூட்டுவலி, மரத்துப்போதல், மார்புவலி, மூச்சுத்திணறல் எதுவானாலும் விமானம் ஏறாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காது அடைத்தாற்போல் இருந்து மறுநாளும் விலகாவிட்டாலோ, தலை சுற்றினாலோ, கேட்கும் திறன் குறைந்தாலோ காதைக் காட்டுங்கள். அதற்குள் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்லி வீட்டில் யாராவது வருவார்கள். கிழிந்த செவிப்பறை வழியே அது உள்ளே போகும், அனுமதிக்காதீர்கள்.