21 நாள் முடிந்ததும் காணாமல் போகிறவர்கள்: கேள்வி பதில்

யோகா, உணவுப் பழக்கம், வாழ்க்கைப் பயிற்சி என்று வகுப்பு எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: மேடம், 21 நாள் சவால் நடத்துகிறேன். முதல் வாரம் எல்லோரும் வருகிறார்கள். முடிந்ததும் முக்கால்வாசிப் பேரைக் காணோம். என்ன செய்வது?

21 நாளில் பழக்கம் ஒட்டிவிடும் என்கிற அந்தக் கணக்கை முதலில் விடுங்கள். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சுமார் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். 21-ஆம் நாளில் பழக்கம் ஒட்டாதவர் தன்னையே நொந்துகொண்டு நழுவுகிறார். உங்கள் மேல் கோபமெல்லாம் இல்லை, முகம் பார்க்கக் கூச்சம், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. சேருகிற அன்றே இதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவருக்குத் தனியாக ஒரு செய்தி போகட்டும். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல இருக்கும். "உங்களைக் காணோமே, நலமா? வியாழக்கிழமை எளிய பயிற்சிதான், வந்து சேர்ந்துகொள்ளுங்கள்" என்றால் போதும். குழுவில் பெயர் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். என்னிடம் வருடக்கணக்கில் இருப்பவர்களில் பலர் இப்படி ஒருமுறை நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசாதவர்களை நீக்கிவிடலாமா?

வேண்டாம். இணையக் குழுக்களில் சுமார் 90 சதவீதம் பேர் வாசிப்பதோடு சரி, 9 சதவீதம் எப்போதாவது பேசுவார்கள், ஓயாமல் எழுதுவது 1 சதவீதம்தான் என்று இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். வாய் திறக்காமலே ஒழுங்காகக் கட்டணம் கட்டித் தொடர்கிறவர்கள் நிறைய உண்டு.

ஆனால் காலை வணக்கப் படங்களை நிறுத்துங்கள், ம்யூட் செய்துவிடுவார்கள். வாரம் ஒரு கேள்வி போதும்: "இந்த வாரம் எதைச் செய்ய முடியவில்லை?" பதில் வந்ததும் நீங்கள் பாய்ந்து தீர்வு சொல்லாமல் அரை நாள் பொறுங்கள். தூக்கம் கெட்டுத் தவிப்பவருக்கு, அதே அவதியைத் தாண்டி வந்த இன்னோர் உறுப்பினர் சொல்லும் இரண்டு வரி தருகிற தெம்பே வேறு. அப்படிப் பேசிப் பழகியவர்கள் உங்களுக்காக மட்டும் அல்ல, ஒருவருக்கொருவருக்காகவும் வருவார்கள்.

கேள்வி: எடை குறைத்தவரின் படத்தை விளம்பரத்தில் போடலாமா? வாய்வார்த்தையாகச் சரி என்றார்.

எழுத்தில் வாங்குங்கள். எங்கெங்கே போடுவீர்கள், எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: ஆள் சேர்த்துவிட்டால் தள்ளுபடி தரலாமா?

தரலாம். ஆனால் நண்பரை வைத்துக் காசு பார்ப்பதாகத் தோன்றுமோ என்று பலர் தயங்குவார்கள். "ஒரு வகுப்புக்கு நண்பரை இலவசமாக அழைத்து வாருங்கள்" என்பது எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: பழைய உறுப்பினர் ஒருவர் குழுவில் சத்துப் பவுடர் விற்கிறார். போதாததற்கு, "இதைக் குடித்தால் சர்க்கரை மாத்திரை வேண்டாம்" என்கிறார். அவரை இழக்க மனமில்லை.

பவுடர் விஷயத்தை நாளைக்குக்கூடப் பேசலாம். மாத்திரை விஷயம் காத்திருக்காது. அந்தச் செய்தியை உடனே நீக்கிவிட்டு, மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று குழுவிலேயே எழுதுங்கள். பிறகு அவருக்குப் போன் செய்து, விற்பனையும் மருந்து யோசனையும் இங்கே கூடாது என்று தன்மையாகச் சொல்லுங்கள். மறுபடி செய்தால், எத்தனை வருடப் பழக்கமானாலும் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.