மோன் பிளாங்க் ஏறப் போகிறவர்கள் கேட்பவை

கேள்வி: அடுத்த கோடையில் ஆல்ப்ஸின் மிக உயரமான சிகரமான மோன் பிளாங்க் ஏற ஆசை. முதலில் எதைப் பதிவு செய்வது?

பதில்: குடிலில், அதாவது ஏறுகிறவர்கள் இரவு தங்கும் மலை விடுதியில், படுக்கையை. விமானமும் விசாவும் அதற்குப் பிறகுதான். பலரும் போகும் கூத்தே பாதையில் 2019 முதல் குடில் முன்பதிவு கட்டாயம். 3,835 மீட்டரில் இருக்கும் கூத்தே குடிலில் மொத்தமே 120 இடம். பதிவு ஆள் பெயரில் என்பதால் பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும். இறங்குவது ஜெனீவாவில் என்றாலும், அதிக இரவுகள் மலையடிவாரப் பிரெஞ்சு ஊரான ஷாமொனியில் என்றால் பிரான்ஸிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கேட்க வேண்டும்.

கேள்வி: விசாவுக்கு எடுத்த காப்பீடு போதாதா?

பதில்: விசாவுக்குப் போதும், மலைக்குப் போதாது. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் கயிறு கட்டி ஏறும் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கும். பிரான்ஸில் அரசு மீட்புக் குழு மலையிலிருந்து இலவசமாக இறக்கிவிடும். ஆஸ்பத்திரிச் செலவு உங்களுடையது. எல்லை தாண்டி இத்தாலியிலோ சுவிட்சர்லாந்திலோ விழுந்தால் ஹெலிகாப்டருக்கும் பில் வரும். மீட்புச் செலவு, உயர வரம்பு இரண்டையும் பாலிசியில் படித்துப் பாருங்கள்.

கேள்வி: போன அக்டோபரில் இமயமலையில் 5,000 மீட்டர் வரை போய்வந்தேன். இங்கேயும் உயரத்துக்குப் பழக வேண்டுமா?

பதில்: வேண்டும். அந்தப் பழக்கம் சில வாரங்களில் போய்விடும். கேபிள் கார் 1,035 மீட்டரில் இருக்கும் ஷாமொனியிலிருந்து 3,842 மீட்டருக்கு 20 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், உடம்பு அவ்வளவு வேகமாக வராது. மேலே போய் போட்டோ எடுத்துவிட்டு மாலையே இறங்கினால் பெரிய பலன் இல்லை. உயரத்தில் தூங்கும் இரவுதான் கணக்கு. இத்தாலிப் பக்கம் விட்டோரியோ இமானுவேலே குடிலில் இரண்டு இரவு தங்கி, 4,061 மீட்டர் கிரான் பரடீசோ ஏறிவிட்டு வருவது நல்ல ஏற்பாடு. உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை இதற்கு மாற்று அல்ல. டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலைவலியோடு நடை தள்ளாடினால் மருந்துக்குக் காத்திராமல் உடனே இறங்க வேண்டும்.

கேள்வி: கூத்தே குடிலுக்குக் கீழே குறுக்காகக் கடக்க வேண்டிய செங்குத்தான பள்ளமான கிராண்ட் குலுவாரில் கல் விழும் என்கிறார்களே, எப்போது கடப்பது?

பதில்: விடியும் முன். இரவுக் குளிரில் உறைந்த பனி கற்களைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டால் விட்டுவிடும். போகும்போது இது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, திரும்பும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். இரவு 2 மணிக்குக் கூத்தே குடிலை விட்டால் உச்சிக்கு நாலைந்து மணி நேரம். குடிலுக்கு இறங்கி, அங்கிருந்து 500 மீட்டர் பாறை இறங்கினால் வெயில் ஏறிய நண்பகலில் குலுவார் முன் நிற்பீர்கள். அதனால் முதல் இரவு குலுவாருக்குக் கீழே இருக்கும் டெட் ரூஸ் குடில், அடுத்த இரண்டு இரவும் கூத்தே என்று பதிவு செய்து, உச்சி ஏறிய மறுநாள் விடியலில் கடந்துவிடுங்கள். கூடுதல் படுக்கைக் காசு பெரிதல்ல. ஹெல்மெட் டெட் ரூஸிலிருந்தே தலையில் இருக்கட்டும். ஒருவர் மேலே பார்த்துக் குரல் கொடுக்க, ஒவ்வொருவராக, நடுவில் நிற்காமல் போங்கள். வெப்ப அலை ஆண்டுகளில் இந்தக் கணக்கும் செல்லாது: 2022 ஜூலையில் ஷாமொனி வழிகாட்டிகளே இந்தப் பாதையை நிறுத்திவைத்தார்கள்.

கேள்வி: சாமான்களை வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் முள் தகடு), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி), ஹார்னெஸ் (கயிறு மாட்டும் இடுப்புப் பட்டை), ஹெல்மெட் எல்லாம் ஷாமொனியில் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் காலுக்குப் பழகிய சொந்த பூட்ஸாக, அடிப்பாகம் வளையாததாக இருக்கட்டும். கிராம்பான் அடியில் பனி ஒட்டாத தகடு உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வெயிலில் இளகிய பனி கட்டியாகத் திரண்டு, முட்கள் தரையைத் தொடாமல் சறுக்கிவிடும்.

கேள்வி: குடிலில் சைவம் கிடைக்குமா?

பதில்: பதிவின்போதே சொல்லிவிட்டால் தருவார்கள்; முட்டையும் சீஸும் வரலாம். குழாய்த் தண்ணீர் கிடையாது, பாட்டில்தான், அதுவும் மலை விலை. போர்வை தருவார்கள், உள்ளே போட்டுக்கொள்ளும் லைனர் (மெல்லிய துணி உறை) உங்களுடையது.