ஓடுகிற பன்னி சௌ கடையை வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 53 வயது. 22 வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில் போன மாதம் ஆட்குறைப்பு. பேக்கேஜாக 2,60,000 ரேண்ட் வந்தது. பிராவிடண்ட் ஃபண்டில் 2024 செப்டம்பருக்கு முன் சேர்ந்த பங்கு மட்டும் 6,70,000 இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பித் தருவது) விற்கும் தன் டேக்அவே கடையை 4,50,000க்குக் கொடுக்கிறார். அவரும் மனைவியும் நின்று நடத்துகிறார்கள், மாதம் 32,000 மிச்சம் என்கிறார். வேலையாட்கள் நான்கு பேர். 15, 11, 6, 4 வருடமாக இருக்கிறார்கள். லீஸ் இன்னும் 18 மாதம். இடத்துக்காரர் எங்கள் வீட்டை வைத்துப் பிணைக் கையெழுத்து கேட்கிறார். கடைக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் 50,000 முன்பணம் கேட்கிறார். ஃபண்டை முழுதாக எடுத்துவிடு என்கிறான் தம்பி. என் கைச்சமையலை நம்பி இறங்கலாமா?

பதில்: தங்கச்சி, உங்கள் சமையலைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. கடை போடுவதும் தப்பில்லை. ஆனால் இந்த விலைக்கு, இந்த நிலையில் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 32,000. அதில் கணவன் மனைவி இருவரின் உழைப்புக்கும் கூலி கழிக்கவே இல்லை. அவர்கள் இடத்தில் இரண்டு பேரை ஆளுக்கு 9,000க்கு வைத்தால் 18,000 போய்விடும். மிஞ்சுவது 14,000. கடை சம்பாதிப்பது அவ்வளவுதான். மற்றது நாளை நீங்கள் இருவரும் கால் கடுக்க நின்று சம்பாதிக்கப்போவது. உங்கள் சொந்த உழைப்பை அவரிடம் காசு கொடுத்து வாங்குவானேன்? 14,000ஐ லீஸில் மிச்சமுள்ள 18 மாதத்தால் பெருக்கினால் 2,52,000. போட்ட 4,50,000 திரும்புவதற்குள் லீஸ் முடிந்துவிடும்! என் மாமா ஒரு டீரூம் வைத்திருந்தார். நன்றாக ஓடிய கடை. லீஸ் முடிந்ததும் இடத்துக்காரர் தன் மகனுக்குக் கொடுத்துவிட்டார். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு ஃப்ரிட்ஜும் நாலு அண்டாவும்தான். குட்வில், அதாவது கடையின் நல்ல பெயருக்கு, என்று அவர் கொடுத்திருந்த பணம் அந்தக் கதவோடு போயிற்று. அதனால், ஐந்து வருட லீஸ் உங்கள் பெயரில் எழுத்தில் வரட்டும். வந்தாலும் 3,00,000க்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

அந்த 32,000 உண்மையா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது: ரொட்டி பில். ஒரு ரொட்டியில் நான்கு குவார்ட்டர் (கால் ரொட்டி) பன்னி, இல்லையென்றால் இரண்டு ஹாஃப் (அரை ரொட்டி). தினமும் 120 குவார்ட்டர் விற்கிறது என்றால், பன்னிக்கு மட்டுமே தினம் 30 ரொட்டி வாங்கியிருக்க வேண்டும். வாய்க்கணக்கு எப்படியும் வரும், ஆனால் பேக்கரி பில் பொய் சொல்லாது. ஒரு வருட ரொட்டி பில், கறி பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட் கணக்கு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாட் பதிவுள்ள கடையென்றால் கல்லாவில் விழும் 115 ரேண்டில் 15 அரசாங்கத்துடையது. 32,000 அதைக் கட்டியபின் மிஞ்சுவதா என்று நேராகவே கேளுங்கள்.

அடுத்தது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓடுகிற கடையை அப்படியே வாங்கினால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி வேலையாட்களும் அவர்கள் உழைத்த வருடங்களோடு உங்களிடம் வந்துவிடுவார்கள். புது முதலாளி, புதுக் கணக்கு என்று தொடங்க முடியாது. இரண்டு வருடத்தில் கடையை மூட நேர்ந்தால், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் ஆட்குறைப்புப் பணமாகக் கொடுக்க வேண்டும். இன்றைக்கே அவர்களுக்கு 36 வாரம் சேர்ந்திருக்கிறது. ஆளுக்கு நான்கு வார நோட்டீஸும் சேர்த்தால் 52 வாரம். 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட், வாரம் 45 மணி நேரம் என்று போட்டாலே 67,000க்கு மேல். எடுக்காத லீவு இதில் சேரவில்லை. அந்தப் பழைய வருடங்களின் பங்கை யார் கட்டுவது என்று நீங்களும் விற்பவரும் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அந்த நால்வரும் உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான், வருடங்களைக் கொடுத்தவர்கள். அவர்கள் பங்கில் குறை வைக்காதீர்கள்.

விற்பவருக்குக் கடன் இருக்கிறதா? 1936ஆம் வருட இன்சால்வன்சி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, கடையைக் கைமாற்றுவதற்கு 30 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மேற்போகாமலும் முன்னதாக அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவருடைய கடன்காரர்களைப் பொறுத்தவரை ஆறு மாதத்துக்கு இந்த விற்பனை செல்லாது. நீங்கள் முழுப் பணமும் கொடுத்தபின் யாரோ வந்து ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டு போகலாம். நகராட்சி சுகாதாரப் பிரிவு தரும் உணவகத் தகுதிச் சான்றிதழும் அவர் பெயரிலிருந்து உங்களுக்கு மாறாது, புதிதாக எடுக்க வேண்டும்.

சரி, ஃபண்ட் விஷயம். தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். ஆட்குறைப்பில் வரும் பேக்கேஜும் ஃபண்டிலிருந்து எடுக்கும் பணமும் ஒரே வரி அட்டவணையில் கூட்டப்படும். 2023 மார்ச் முதல் உள்ள அட்டவணையில் முதல் 5,50,000க்கு வரி இல்லை, ஆனால் அது வாழ்நாளுக்கு ஒருமுறைதான். 6,70,000ஐயும் எடுத்தால் மொத்தம் 9,30,000, வரி 82,800. 2,90,000 வரை எடுத்தால், முன்பு வேறெதுவும் எடுக்காதவராக இருந்தால், வரியே கிடையாது. அதிலும் தேவையானதை மட்டும் எடுத்து, மற்றதை பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு (வேலையை விட்டவர் ஓய்வுக்காலப் பணத்தை எடுக்காமல் போட்டு வைக்கும் ஃபண்ட்) மாற்றுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். யூஐஎஃப் (வேலையிழந்தோர் காப்பீடு) பணத்துக்கும் உடனே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். அது அவர் கட்டிய பணம்.

வீட்டைப் பிணையாக வைக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. இடத்துக்காரருக்கு மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். முன் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல், சொத்து இருவருக்கும் பொது என்ற முறையில் உங்கள் திருமணம் பதிவாகியிருந்தால், உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உங்கள் வீட்டுக்காரர் பிணைக் கையெழுத்துப் போட முடியாது. எத்தனையோ அக்கா தங்கைகள் "அவர் சொன்னார், போட்டேன்" என்று பிறகு என்னிடம் அழுதிருக்கிறார்கள். நீங்கள் போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை 50,000ஐக் கையில் கொடுக்க வேண்டாம். வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் போடுகிறோம், லீஸும் அறிவிப்பும் முடிந்தபின் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். கூடவே, ஒரு மாதம் நீங்கள் அந்தக் கவுண்டரில் நின்று பார்க்கச் சம்மதமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் சரி என்றால், ரொட்டி பில்களை எடுத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.